‘எதுனாலும் சரி’: அடங்கிப் போகும் குணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்ப ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் முதலில் “காபியா, டீயா?” என்று கேட்பது என் வழக்கம். சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா வந்திருந்தார், ஐம்பது வயதிருக்கும். கேள்வி காதில் விழுந்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். “எதுனாலும் சரிங்க” என்றார் அம்மா. “உங்களுக்கு எதும்மா பிடிக்கும்?” என்று மறுபடி கேட்டேன். மடியில் இருந்த மஞ்சள் பையின் காதைச் சுருட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். “எங்க வீட்ல எல்லாரும் காபிதான்” என்றார். நான் கேட்டது அதுவல்ல என்று சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. முகம் வாடிவிட்டது.

அவரைப் போன்றவர்களும், அவர்களோடு வாழ்கிறவர்களும் என்னிடம் பல விதமாகக் கேட்ட கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

பணிவு நல்ல குணம் என்றுதானே சொல்லி வளர்த்தார்கள்?

நல்ல குணம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பணிவு, அடக்கம், விட்டுக்கொடுத்தல், அடங்கிப் போதல் எல்லாவற்றையும் நாம் ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம். ‘பணியுமாம் என்றும் பெருமை’ என்று வள்ளுவர் பணிவைப் பெருமை உள்ளவர்களின் இயல்பாகச் சொன்னார். நிமிர முடிந்தவர் தானாகக் குனிவது அது. நிமிர்ந்தால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் குனிந்தே கிடப்பதற்கு அந்தக் குறளைக் காட்டிப் பாராட்டுவது அநியாயம்.

பிரித்துப் பார்க்க நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: அன்றைக்கு ‘மாட்டேன்’ என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? “ஒண்ணும் ஆகியிருக்காது. அவ ஆசைப்பட்டா, சரின்னு விட்டுட்டேன்” என்றால் அது விட்டுக்கொடுத்தல். பதில் வாயில் வருவதற்கு முன்னால் வயிற்றைப் பிசைந்தால், நீங்கள் விட்டுக்கொடுக்கவில்லை, உங்களிடமிருந்து பிடுங்கப்பட்டிருக்கிறது.

இது பிறவிக் குணமா? எங்கள் அப்பாவும் இப்படித்தான்.

கொஞ்சம் பிறவியில் வருவதுண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கேகன் என்ற உளவியலாளர் நான்கு மாதக் குழந்தைகளுக்குப் புதிய பொம்மை, புதிய சத்தம், புதிய வாசனை என்று காட்டிப் பார்த்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை கைகாலை உதைத்துக்கொண்டு அழுதது. வளர்ந்தபோது கூச்சக்காரர்களாக ஆனவர்கள் அந்தக் குழந்தைகளில் அதிகம். ஆனால் எல்லாரும் அப்படி ஆகிவிடவில்லை.

கூச்சம் வேறு, அடங்கிப் போவது வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். உங்கள் அப்பாவையே நினைத்துப் பாருங்கள். முதலாளி முன்னால் வாய் திறக்காதவர், காய்கறிக் கடையில் கத்தரிக்காய்க்குக் கறாராகப் பேரம் பேசியிருப்பார். தம்பியை அதட்டியிருப்பார். குணம் ரத்தத்தில் மட்டும் இருந்தால் ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறாது. எதிரில் இருப்பவர் யார், அவர் கையில் என்ன இருக்கிறது (சம்பளமா, சாப்பாடா, கைப்பிரம்பா) என்பதைப் பார்த்துத்தான் முக்கால்வாசி வரும்.

படித்தவர்கள், நல்லவர்கள்கூட மேலே இருப்பவர் சொன்னால் தலையாட்டிவிடுகிறார்களே, ஏன்?

1961ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் நடத்திய சோதனையை இதற்குப் பதிலாகச் சொல்வேன். ஊரிலிருந்து சாதாரண ஆண்களை வரவழைத்து, ‘ஞாபகசக்தி ஆராய்ச்சி’ என்று சொன்னார்கள். அடுத்த அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு சுவிட்சைத் தட்டி அவருக்கு ஷாக் கொடுக்க வேண்டும். 15 வோல்ட்டில் தொடங்கி 450 வோல்ட் வரை 30 சுவிட்சுகள். உண்மையில் ஷாக்கே கிடையாது, அடுத்த அறையில் இருந்தவர் வலிப்பதாக நடித்தார். சுவிட்சைத் தட்டுகிறவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் வியர்த்து நடுங்கினார்கள், உதட்டைக் கடித்தார்கள், நிறுத்திவிடலாமா என்று கேட்டார்கள். மேல்கோட்டு போட்ட ஆராய்ச்சியாளர் குரல் உயர்த்தாமல் “தொடருங்கள்” என்றார், அவ்வளவுதான். 40 பேரில் 26 பேர் கடைசி சுவிட்ச் வரை போனார்கள்.

சிலர் இது நாடகம் என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்கிறார்கள் என்று பின்னாளில் விமர்சனங்கள் வந்தன. அந்தக் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இதே சோதனையை மில்கிராம் வேறு வேறு விதமாக மாற்றி நடத்தியதில்தான் எனக்கு முக்கியமான விஷயம் இருக்கிறது. ஆராய்ச்சியாளர் அறையை விட்டுப் போய் போனில் உத்தரவு போட்டபோது, கடைசி வரை போனவர்கள் ஐந்தில் ஒருவராகக் குறைந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் “எங்களால் முடியாது” என்று எழுந்தபோது, 40 பேரில் 4 பேர்தான் கடைசி வரை போனார்கள். இருபத்தாறு நான்காகிவிட்டது. மனிதர்கள் அதே மாதிரி மனிதர்கள்தான். அவர்களுக்குப் பக்கத்தில் துணை இருந்தது.

எந்தக் கோடுகள் ஒரே நீளம் என்று கேட்டு சாலமன் ஆஷ் 1950களில் செய்த சோதனையிலும் இதையேதான் பார்க்கிறோம். சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லும்போது, சோதனைக்கு வந்தவர்கள் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு மூன்றில் ஒரு பங்கு தடவை கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொல்லிவிட்டால் போதும், அந்தத் தப்பு பெருமளவு நின்றுபோனது.

ஆபீசில் மேலதிகாரி தப்பு செய்கிறார் என்று தெரிகிறது. சொன்னால் கெட்ட பெயர். சும்மா இருப்பதுதானே புத்திசாலித்தனம்?

1977 மார்ச் 27. கேனரி தீவுகளில் டெனெரீஃப் விமான நிலையம். கடும் மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள். கே.எல்.எம். விமானத்தின் கேப்டன் அந்த நிறுவனத்தின் மூத்த பயிற்சி விமானி. பக்கத்தில் இருந்த துணை விமானிக்கு 747 ஓட்டும் தகுதி இருக்கிறதா என்று இரண்டு மாதத்துக்கு முன் சோதித்தவரும் அவரே. அவர் அவசரப்பட்டு இன்ஜினை முடுக்கியபோது, இன்னும் அனுமதி வரவில்லை என்று துணை விமானி ஒரு தடவை தடுத்தார். “தெரியும், கேள்” என்பது போலப் பதில் வந்தது. கொஞ்ச நேரத்தில், புறப்படும் அனுமதி வராமலே விமானம் மறுபடி ஓடத் தொடங்கியது. இரண்டாவது தடவை துணை விமானி தடுக்கவில்லை. பின்னால் இருந்த பொறியாளர் மட்டும், இன்னொரு விமானமான பான் ஆம் ஓடுபாதையை விட்டு விலகவில்லையா என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்திச் சொன்னார். பொறியாளர் அதற்கு மேல் பேசவில்லை. சில நொடிகளில் மோதல். 583 பேர் இறந்தார்கள்.

மூடுபனி, ரேடியோ குழப்பம் என்று காரணங்கள் பல இருந்தன. ஆனால் அந்த மூன்று பேர் அறையில் நடந்த பேச்சு எனக்கு மறப்பதே இல்லை. ஒருவர் ஒருமுறை சொன்னார், ஒருவர் ஒருமுறை கேட்டார், அதட்டலாக ஒரு பதில் வந்ததும் இரண்டு பேரும் அடங்கிவிட்டார்கள். விமானத் துறை இதிலிருந்து பாடம் படித்தது. 1979ல் நாசா கூட்டிய பயிலரங்குக்குப் பிறகு, கேப்டனுக்குக் காதுகொடுத்துக் கேட்கவும், கீழே இருப்பவர்களுக்கு இரண்டாவது தடவையும் சொல்லவும் தனிப் பயிற்சியே வந்தது.

உங்கள் ஆபீசில் விமானம் ஓடவில்லை என்றாலும் முறை அதுதான். “சார், ஒரு நிமிஷம். இந்த பில்லில் தேதி தப்பா இருக்கு. இப்படியே போனா ஆடிட்டில் நிக்கும். திருத்திட்டு அனுப்பிடட்டுமா?” இதில் மரியாதை குறையவில்லை. ஆளைக் குறை சொல்லவில்லை, பில்லைத்தான் சொல்கிறோம். முதல் தடவை காதில் விழவில்லை என்றால் அதே வார்த்தையில் மறுபடி சொல்லுங்கள். அப்படியும் கேட்கவில்லையென்றால் மெயிலில் எழுதி வையுங்கள்.

“அந்தக் காலத்தில் எல்லாரும் அடக்கமாக இருந்தார்கள்” என்று ஊரில் பெரியவர்கள் சொல்கிறார்களே?

யார் அடக்கமாக இருந்தார்கள், யாரிடம் என்று கேட்டுப் பாருங்கள். கீழத் தஞ்சையில் பண்ணையாள் மிராசுதார் வீட்டுத் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார், தோளில் இருந்த துண்டை இடுப்பில் கட்டினார், கையைக் கட்டி “ஆமாங்க சாமி” என்றார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும் தண்டனை. இதைத்தான் ‘அவங்க சாதுவான சனங்க’ என்று குணச் சான்றிதழ் கொடுத்தார்கள். 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் அங்கே வந்து விவசாயத் தொழிலாளர்களைச் சங்கமாகச் சேர்த்தார். ‘அடித்தால் திருப்பி அடி’ என்ற வார்த்தை சேரிகளில் பரவியது. தலைமுறை தலைமுறையாக ‘பிறவியிலேயே அடக்கமானவர்கள்’ என்று சொல்லப்பட்டவர்கள் சில வருடங்களுக்குள் தெருவில் கொடி பிடித்து நின்றார்கள்.

குணம் என்று நினைத்தது குணம் அல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தேவையில்லை. அமெரிக்க ஆராய்ச்சி அறையில் இரண்டு பேர் எழுந்தபோது நடந்ததுதான், தஞ்சை வயல்வெளியில் ஒரு சங்கம் எழுந்தபோதும் நடந்தது.

பெண்களுக்கு இது இயற்கை இல்லையா?

அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று பட்டியல் போட்டு, பிறந்த நாளிலிருந்து “சத்தமா சிரிக்காதே, காலை ஒடுக்கி உட்காரு, அண்ணன் சாப்பிட்டதும் சாப்பிடு” என்று பழக்கிவிட்டு, இருபது வயதில் இதை இயற்கை என்று சொல்கிறோம். இயற்கையாக இருந்தால் இவ்வளவு பயிற்சி எதற்கு?

பழக்கம் எவ்வளவு ஆழமாகப் போகும் என்பதற்கு ஒரு கணக்கு. இந்தியாவில் 2019–21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், சொல்லாமல் வெளியே போனால், சமையல் சரியில்லை என்றால், எதிர்த்துப் பேசினால், மாமனார் மாமியாரை மதிக்காவிட்டால் என்று ஏழு காரணங்களைச் சொல்லி, இவற்றில் ஏதாவது ஒன்றுக்காகக் கணவன் மனைவியை அடிப்பது நியாயமா என்று கேட்டார்கள். ஆண்களில் 44 சதவீதம் பேர் நியாயம் என்றார்கள். பெண்களில் 45 சதவீதம். அடி வாங்குகிற பக்கமே அடியை நியாயம் என்று சொல்லும் அளவுக்குப் பழக்கியிருக்கிறோம்.

என் பையன் சொன்ன பேச்சைத் தட்டவே மாட்டான். சந்தோஷப்படலாம்தானே?

அவன் உங்களிடம் கடைசியாக எப்போது ‘வேண்டாம்’ என்று சொன்னான் என்று யோசியுங்கள். ஞாபகமே வரவில்லை என்றால் கொஞ்சம் கவலைப்படுங்கள். பெரியவர் யார் என்ன சொன்னாலும் கேட்க வேண்டும் என்று பழகிய பிள்ளைக்கு, தப்பான நோக்கத்தோடு வருகிற பெரியவரிடமும் ‘மாட்டேன்’ சொல்ல வராது. மாமா முத்தம் கொடுக்கச் சொல்லும்போது பிள்ளை பின்வாங்கினால், “கொடுடா, மாமாதானே” என்று தள்ளிவிடாதீர்கள். அவன் உடம்புக்கு அவன் சொல்லும் முதல் ‘வேண்டாம்’ அது. மாமா கோபித்துக்கொண்டால் நீங்கள் சமாளியுங்கள்.

கண்டிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. 1960களில் டயானா பாம்ரிண்ட் பெற்றோர்களை ஆராய்ந்தபோது, ‘நான் சொன்னேன், செய்’ என்கிறவர்களையும், ஒழுங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டே காரணமும் சொல்லிப் பிள்ளை பேச்சையும் கேட்கிறவர்களையும் பிரித்துக் காட்டினார். இரண்டாவது வகை வீட்டுப் பிள்ளைகள்தான் தன்னம்பிக்கையோடும் பொறுப்போடும் இருந்தார்கள்.

ஓநாய்க் கூட்டத்தில்கூடத் தலைவன், அடங்கி நடப்பவன் என்று உண்டே?

அந்தக் கதை கூண்டில் அடைத்த ஓநாய்களை 1940களில் பார்த்து எழுதியது. ஒன்றுக்கொன்று தெரியாத விலங்குகளை ஒரே இடத்தில் அடைத்தால் சண்டை வரத்தான் செய்யும். காட்டு ஓநாய்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த டேவிட் மெக், காட்டில் ஒரு கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, குட்டிகள் என்று 1999ல் எழுதினார். குட்டிகள் வளர்ந்ததும் தனிக்குடித்தனம் போய்விடுகின்றன.

அடங்கிப் போவதால் உடம்புக்கு ஏதாவது வருமா? இது நோயா?

நோய் என்று உடனே பெயர் வைக்காதீர்கள். 1990களில் இங்கிலாந்தில் பால் கில்பர்ட்டும் ஸ்டீவன் ஆலனும் இதை அளக்க 16 வாக்கியங்கள் கொண்ட ஒரு படிவம் தயாரித்தார்கள். ‘தப்பு என்மேல் இல்லை என்று தெரிந்தும் தப்புதான் என்று ஒத்துக்கொள்வேன்’ என்பது அதில் ஒன்று. அதில் அதிக மதிப்பெண் வாங்கியவர்களிடம் மனச்சோர்வும் அதிகம் இருந்தது. என் அனுபவத்தில் அது தூக்கமின்மையாகவும் தலைவலியாகவும்தான் முதலில் வாசலுக்கு வருகிறது. ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று வந்து உட்காருவார்கள்.

மனநல மருத்துவத்தில் ‘சார்பு ஆளுமைக் கோளாறு’ என்று ஒன்று உண்டு. எட்டு அடையாளங்களில் குறைந்தது ஐந்து இருந்தால்தான் மருத்துவர்கள் அப்படிச் சொல்வார்கள். தினசரி சின்ன முடிவைக்கூட யாராவது சொல்லாமல் எடுக்க முடியாதது, தனியாக இருந்தால் பதறுவது போன்றவை அவை. வளர்ந்த பண்பாட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதும் விதி. மனம் விட்டுப் பேச ‘டெலி மானஸ்’ 14416 என்ற அரசு எண் இருக்கிறது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

நானே விரும்பித்தான் என் துணைவருக்கு அடங்கி நடக்கிறேன். அதுவும் தப்பா?

தப்பில்லை. நாளைக்கு ‘இனி வேண்டாம்’ என்றால் அவர் அதை அப்படியே ஏற்றுக்கொள்வார் என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால் அது உங்கள் விருப்பம். யாரும் கேள்வி கேட்க வேண்டியதில்லை.

மாற வேண்டும் என்று தோன்றுகிறது. எங்கே தொடங்குவது?

மாமியாரிடமோ முதலாளியிடமோ தொடங்காதீர்கள். தோற்றுப்போய் ‘எனக்கு இது வராது’ என்று முடிவுகட்டிவிடுவீர்கள். ஓட்டலில் சாம்பார் ஆறிப்போயிருந்தால் “தம்பி, சூடா கொண்டு வாங்க” என்று கேளுங்கள். ஷேர் ஆட்டோவில் மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்குங்கள். பயம் குறைவான இடத்தில் பழகிவிட்டு ஒரு படி மேலே போங்கள்.

அடுத்தது, ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்யுங்கள்: “யோசிச்சு சொல்றேன்.” அடங்கிப் பழகியவர்களுக்கு ‘சரி’ என்பது கேள்வி முடிவதற்குள் வாயிலிருந்து விழுந்துவிடும். இந்த வாக்கியம் அதற்கு ஓர் இரவு அவகாசம் கொடுக்கும். என்னிடம் வந்த ஒருவர் மச்சானின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு, மூன்று வருடம் அவரே தவணை கட்டினார். “கையெழுத்துப் போடும்போதே தெரியும்மா, இது வராத பணம்னு. ஆனா பேனாவைக் கையில கொடுத்துட்டாங்களே” என்றார். அடுத்த தடவை இன்னொரு உறவினர் வந்தபோது என்ன சொல்வது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தோம். “யாருக்கும் ஜாமீன் போடுறதில்லைன்னு வெச்சிருக்கேன் மாப்ளே. வேற உதவின்னா சொல்லு.” காரணம் அடுக்கவில்லை. ஒவ்வொரு காரணத்துக்கும் எதிராளியிடம் ஒரு பதில் இருக்கும்.

சொன்ன பிறகு குற்ற உணர்ச்சி வரும், இரண்டு நாள் தூக்கம்கூடக் கெடும். தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்து போன் போட்டு மன்னிப்புக் கேட்டுவிடாதீர்கள். பழக்கமில்லாத தசை வலிப்பது மாதிரிதான் அது.

எல்லாவற்றையும்விட, ஓர் ஆளைப் பிடியுங்கள். அக்காவோ, பக்கத்து சீட்டுக்காரரோ, “நீ சொன்னது சரிதான்” என்று சொல்ல ஒரே ஒருவர். மேலே சொன்ன சோதனைகளில் எண்களை மாற்றியது அதுதான்.

எதிர்த்துப் பேசினால் அடி விழும். அப்போதும் பேச வேண்டுமா?

வேண்டாம். உங்களை நீங்களே கோழை என்று திட்டிக்கொள்ளவும் வேண்டாம். அடி விழும் வீட்டில் அடங்கியிருப்பது உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி. இத்தனை நாள் அதுதான் உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. அங்கே பேச்சுப் பயிற்சி உதவாது, பாதுகாப்புதான் முதலில். ஆதார், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வையுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181. குழந்தைகளுக்கு 1098. பெண்களைக் காக்கும் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் அடியை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. கேவலமாகப் பேசுவது, பணத்தை முடக்குவது எல்லாம் அதில் வரும். வீடு உங்கள் பெயரில் இல்லாவிட்டாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்க உங்களுக்கு உரிமை உண்டு என்கிறது அந்தச் சட்டம்.

என் மனைவி எல்லாவற்றுக்கும் ‘உங்க இஷ்டம்’ என்கிறார். நான் கொடுமைக்காரன் இல்லை. நான் என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மேல் எனக்கு மரியாதை அதிகம். பெரும்பாலானவர்கள் இதை ஒரு வசதியாக எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒருவர் முடிவெடுத்துக்கொண்டே போனால் மற்றவர் ஒதுங்கிக்கொண்டே போவார், ஒதுங்க ஒதுங்க முடிவெடுப்பவருக்கு வேலை கூடும். இரண்டு பேரும் சேர்ந்து ஓட்டும் செக்கு அது.

கேளுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள். “சினிமா போலாமா? சரி, உனக்கு டயர்டா இருக்கும், வேண்டாம்” என்று நீங்களே பதிலும் சொல்லிவிடாதீர்கள். அவர் ஒன்று சொன்னால், அது உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும், முதல் சில தடவை அப்படியே செய்யுங்கள். சொன்னதால் உலகம் இடிந்துவிடவில்லை என்று அவர் பார்க்க வேண்டும்.

காபி, டீ என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அந்த அம்மாவின் கணவரும் இதைத்தான் கேட்டார். நல்ல மனிதர். அடுத்த மாதம் வந்தபோது அவரே சொன்னார். பஸ் ஸ்டாண்டு பக்கம் பலகாரக் கடையில் நின்றுகொண்டு வீட்டுக்கு போன் போட்டிருக்கிறார். “என்ன வாங்கிட்டு வரட்டும்?” “எதுனாலும் வாங்கிட்டு வாங்க.” வழக்கமாக அங்கேயே போனை வைத்துவிட்டு மிக்சர் வாங்குவார். அன்றைக்கு வைக்கவில்லை. “கடைக்காரர் என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு, பின்னால ரெண்டு பேரு நிக்கிறாங்க. நான் பேசாம நின்னேங்க. அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேக்குது” என்றார்.

அப்புறம் சொன்னாராம்: “காராபூந்தி. பூண்டு போட்டது.”

“முப்பது வருஷமா மிக்சர் வாங்கிட்டுப் போயிருக்கேங்க” என்று சொல்லிவிட்டு அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா அன்றைக்கு டீ குடித்துக்கொண்டிருந்தார்.